மயிலாப்பூரில் டூ பெட்ரூம் வீடு வாடகைக்கு எடுப்பது எப்படி: அட்வான்ஸ் கொடுக்கும் முன்னும் பின்னும்

வாடகைக்கு வருபவரின் பேச்சுக்கு எடை இருப்பது அட்வான்ஸ் கைமாறும் வரைதான். அதன் பிறகு குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது, கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், "பார்க்கலாம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த ஊர் வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். மயிலாப்பூருக்கு இரண்டு மடங்கு பொருந்தும். இங்கே வீடுகளுக்கு வயது அதிகம், ஓனர் குடும்பங்களுக்குக் கிளைகள் அதிகம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீடு ஒருவருடையதாகவும் அது நிற்கும் மனை கோயிலுடையதாகவும் இருக்கலாம். அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் தெருவைத் தேர்ந்தெடுங்கள்

"மயிலாப்பூர்" என்று விளம்பரத்தில் போடுவது லஸ், மந்தைவெளி, சாந்தோம், அபிராமபுரத்தின் ஓரம் வரை நீளும். வாடகையும் வாழ்க்கையும் தெருவுக்குத் தெரு மாறும்.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் காய்கறி, பூ, பாத்திரக்கடை, மெஸ் எல்லாம் காலடியில் இருக்கும். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி சரிப்படாது. பங்குனிப் பெருவிழாவின் 10 நாட்களும், அதிலும் தேரும் அறுபத்து மூவரும் வரும் நாட்களில், வண்டியை வீட்டை விட்டு வெளியே எடுப்பதே பெரும்பாடு. தைப்பூசத்தை ஒட்டிய தெப்பத்தின்போதும், பிரதோஷ மாலைகளிலும், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போடும்போதும் இதே நிலைதான். கோயிலுக்காகவே இங்கே வருபவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. ஆனால் வீட்டில் டயாலிசிஸுக்கோ பிசியோதெரபிக்கோ அடிக்கடி போய்வர வேண்டிய பெரியவர் இருந்தால் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்பதை அந்தச் சந்தில் நின்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சித்திரக்குளம் பக்கம் பழைய வீடுகளும் 80, 90களில் எழுந்த மூன்று மாடி ஃபிளாட்டுகளும் கலந்திருக்கும். லஸ் சர்ச் ரோடு, நாகேஸ்வரராவ் பூங்கா பக்கம் தெருக்கள் அகலமானவை, வாடகையும் அதற்கேற்ப ஏறும். முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி மூன்றிலும் பறக்கும் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பாலத்தை ஒட்டிய வீட்டைப் பார்ப்பதாக இருந்தால் ரயில் போகும் நேரத்தில் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் 3ஆம், 4ஆம் வழித்தடங்கள் திருமயிலையில்தான் சந்திக்கின்றன, அந்த வேலைக்காகச் சாலைகள் மாற்றிவிடப்பட்டிருக்கலாம். லஸ், ஆர்.கே. மடம் சாலை, கச்சேரி சாலை பக்கம் வீடு பார்ப்பவர்கள் காலை 9 மணிக்கு ஒரு முறை நேரில் போய், அலுவலகம் போகும் வழியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் 2 கிலோமீட்டர் என்று காட்டும் தூரம் சாலை மாற்றத்தால் எவ்வளவு சுற்றும் என்பது அப்போதுதான் தெரியும்.

தேடுவதற்கும் ஒரு பருவம் உண்டு

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. சிலர் புரட்டாசியையும் பங்குனியையும் சேர்த்தே தவிர்ப்பார்கள். பள்ளி முடிந்த மே, ஜூனிலும் தை பிறந்த பிறகும் காலியாகும் வீடு அதிகம், போட்டியும் அதிகம். ஆனியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்தால் ஓனருக்கு ஒரு மாத வாடகை நஷ்டம். ஆடியில் பேசி, சிறு டோக்கன் தொகை கொடுத்து, ஆவணி முதல் வாடகை என்று முடித்துக்கொண்டால் வாடகையிலோ அட்வான்ஸிலோ கொஞ்சம் குறைத்துப் பேச இடம் கிடைக்கும். சம்பிரதாயம் பார்க்காதவர்களுக்கு இன்னும் வசதி, உடனே குடிபோகிறேன் என்றே பேசலாம்.

இணையத்தளங்களில் தேடுவதோடு நிற்காதீர்கள். மயிலாப்பூரில் நல்ல வீடுகளில் கணிசமானவை விளம்பரத்துக்கே வராமல் கைமாறுகின்றன. யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கும், வாட்ச்மேனுக்கும், பூ விற்கும் அம்மாவுக்கும்தான் முதலில் தெரியும். "அண்ணே, இந்தப் பக்கம் டூ பெட்ரூம் எதாச்சும் காலியாகுதா?" என்று பத்துப் பேரிடம் கேட்டு, நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். புரோக்கர் வழியாகப் போனால் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை, சிலர் அரை மாதத்துக்கு ஒப்புக்கொள்வார்கள். தொகையையும் எப்போது கொடுப்பது என்பதையும் முதல் வீட்டைக் காட்டும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில்தான் கமிஷன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் இந்த ஃபிளாட்டுக்கே உரியதா அல்லது முதலில் வந்தவருக்கா, மெயின்டனன்ஸ் எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம். இவற்றுக்குப் பதில் பிடிக்கவில்லை என்றால் வெயிலில் அலைய வேண்டாம்.

சமையல் பற்றியும் முதல் போனிலேயே பேசிவிடுவது நல்லது. "வெஜிடேரியன் மட்டும்" என்ற நிபந்தனை இந்தப் பகுதியில் சாதாரணம். ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது மேல். மறைத்துக் குடிபோனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மன உளைச்சல்தான். "நீங்க எந்த ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறான கேள்வி, பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மதத்தைக் காரணம் காட்டியும், தனியாக இருக்கும் பெண்கள், வேலைக்குப் போகும் இளைஞர்கள் என்றும் தட்டிக் கழிக்கப்படுவது இங்கே இன்றைக்கும் நடக்கிறது. நல்ல வீடுகள் அப்படிக் கைவிட்டுப் போவது வேதனைதான். ஆனால் அந்த ஓனரோடு வருடக்கணக்கில் ஒரே வாசலில் புழங்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

"தண்ணி எப்படி மாமி?" என்று கேட்டால், "அதெல்லாம் பிரச்னையே இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், நேராக சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வருகிறதா, அல்லது கேட் பக்கத்து அடிபம்பில் அடித்து எடுக்க வேண்டுமா? ஒரு நாள் விட்டு ஒரு நாளா, தினமுமா? குழாய்களில் வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா? சமையலறைக்கு மட்டும் தனி லைன் இருக்கிறதா? போன வருடம் ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்கியதா, தனியா?

கடலுக்கு அருகில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே ஏறும். சாந்தோமை நெருங்க நெருங்க இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது அந்தத் தரம். குளியலறைக் குழாயில் மீட்டர் 2,000-ஐத் தாண்டினால் ஷவர் அடைக்கும், கீசர் காயில் உப்பு படிந்து கெடும், வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். மீட்டர் இல்லாவிட்டால் குழாயின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாத்ரூம் டைல்ஸில் சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு நுரைக்காவிட்டால் அதுவே விடை.

அடுத்தது அழுத்தம். 15 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. நான்கைந்து நிமிடம் ஆனால் உள்ளே பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருவும் உப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மேல் மாடியாக இருந்தால், டாங்க் தலைக்கு மேல் சில அடி உயரத்தில்தான் இருக்கும் என்பதால் ஷவர் சொட்டும். முதல் சில விநாடிகள் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தாலும் துரு பைப்தான். பைப் மாற்றுவது ஓனர் செலவு. அதை இப்போதே பேச வேண்டும்.

முடிந்தால் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சம்ப்புக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கவனியுங்கள். பழைய மனைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுண்டு. சம்ப் சுவரில் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி இறங்கி உள்ளே போகிறீர்களா?

சென்னைத் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போட்டுக்கொண்டே வந்ததால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. தரைத்தள வீடு பார்க்கும்போது வாசலில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தரை மட்டம் ரோட்டுக்குக் கீழே இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வரும். அதைவிட மோசம், கழிவுநீர்க் குழாய் நிரம்பி பாத்ரூம் துளை வழியாகவே மேலே பொங்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எந்த மட்டம் வரை என்று ஓனரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். சுவரின் அடிப்பாகம் மட்டும் புது பெயின்ட், மரக்கதவின் கீழ் ஓரம் உப்பிப் போய், மீட்டர் போர்டு புதிதாக உயர்த்தி மாட்டப்பட்டிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

கூரையும் சுவரும்

மயிலாப்பூரில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை, இரண்டுக்கும் வியாதி வேறு.

பழைய தனி வீடுகளின் மாடி அல்லது போர்ஷன்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கலாம். மர உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டுக் கெட்டித்த கூரை அது. கோடையில் வீடு நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கும். கெடுவது உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான். மேலே விரிசல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அங்கே தங்கி, மரம் உள்ளுக்குள் மக்கும். அந்த முனைகளில் கறை, பொடியாக உதிரும் மரத்தூள், கரையான் மண் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சாவியால் குத்திப் பார்த்தால் நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரத்தில் சாவி இறங்கும். இப்படிப்பட்ட கூரையின் மேல் தளத்தில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டாங்க் உட்கார்ந்திருந்தால் அதன் எடை ஒரு டன். அது சுவரின் மேல் நிற்கிறதா, உத்திரத்தின் நடுவிலா என்பதைப் பார்க்காமல் அந்த வீட்டில் படுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர்களில் டி.வி. ஸ்டாண்ட், வாட்டர் பியூரிஃபையர் மாட்ட ஓட்டை போட்டால் பிடிக்காமல் உதிரும். எங்கே மாட்டலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை 80, 90களின் கான்கிரீட் ஃபிளாட்டுகள். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சீலிங்கில் கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக விரிசல் தெரிந்தால் அதுதான். மேல் வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள இடம், பால்கனியின் அடிப்பக்கம், ஜன்னல் சன்ஷேட் ஆகிய மூன்றும் முதலில் கெடும். துடைப்பக் கட்டையால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கு என்று உள்ளீடில்லாத சத்தம் வந்தால் காரை கழன்று நிற்கிறது. குழந்தையின் கட்டில் அதன் கீழே வரப் போகிறது என்றால் வீட்டையே விட்டுவிடலாம். படுக்கையறையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, சுவரோடு ஒட்டிய மர அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையைப் பெயின்ட் மறைக்காது.

விளம்பரத்தில் 950 சதுர அடி என்று சொன்னால் அதில் படிக்கட்டு, பொதுவழியின் பங்கும் சேர்ந்திருக்கும். டேப் வைத்து அறைகளை அளந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம் படிக்கட்டுத் திருப்பமும் கதவு அகலமும். பழைய வீடுகளில் இரட்டைக் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் ஃபிரிட்ஜ் நுழையாது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரவும் போகவும் குழாய் எங்கே, பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபிளாட்டுகளில் இதற்கென்று இடமே விட்டிருக்க மாட்டார்கள்.

கரன்ட்

முதல் கேள்வி, வீட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டரா, சப் மீட்டரா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஒரே இணைப்பில் இரண்டு போர்ஷன் ஓடினால் இலவச யூனிட்டும் பங்காகிவிடும், இரண்டு வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து 500-ஐ எளிதில் தாண்டும். சப் மீட்டருக்கு யூனிட் இவ்வளவு என்று ஓனர் ஒரே விலை சொன்னால், ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லி அதன்படி பிரித்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள்.

இரண்டு படுக்கையறையிலும் ஏசி, ஒரு கீசர் என்றால் த்ரீ ஃபேஸ் இணைப்பு தேவைப்படும். ஏசிக்குப் பெரிய பிளக் பாயின்ட் தனி வயரில் மெயின் போர்டிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். போர்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் மட்டும் இருந்து, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால், அதைப் போட்டுத் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஈரப் பாத்ரூமில் கீசர் ஓடும் வீட்டில் உயிரைக் காப்பது அதுதான்.

இந்த வீட்டை வாடகைக்கு விட இவருக்கு உரிமை இருக்கிறதா?

மயிலாப்பூரில் அதிகம் கோட்டை விடப்படுவது இந்த இடத்தில்தான். தாத்தா பெயரில் இருக்கும் வீடு, மூன்று பிள்ளைகள், ஒருவர் இங்கே, ஒருவர் பெங்களூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். இங்கே இருப்பவர் வாடகைக்கு விடுகிறார், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். அட்வான்ஸ் யாரிடம் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேட்க வேண்டிய ஆவணங்கள் நான்கு. சமீபத்திய சொத்து வரி ரசீது, மெட்ரோ வாட்டர் வரி ரசீது, ஈ.பி. அட்டை, ஓனரின் அடையாள அட்டை. நான்கிலும் ஒரே பெயர் இருந்தால் நல்லது. இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பாருங்கள், மற்ற வாரிசுகளிடமிருந்து ஒப்புதல் கடிதம் கேளுங்கள். ஓனர் வெளிநாட்டில் இருந்து உறவினர் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், வாடகைக்கு விடவும் அட்வான்ஸ் வாங்கவும் அவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைப் படியுங்கள். தமிழகப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் பதிவான அடமானம் ஏதும் இருக்கிறதா என்று தெரியும். வங்கிக் கடன் கட்டாமல் வீடு ஜப்திக்குப் போனால் குடியிருப்பவரும் தெருவுக்கு வர வேண்டியிருக்கும்.

கோயில் அடிமனை பற்றித் தனியாகக் கேளுங்கள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்கும் மற்றக் கோயில்களுக்கும் சொந்தமான மனைகள் ஏராளம். மனைக்குக் கோயிலிடம் வாடகை கட்டிக்கொண்டு, மேலே கட்டடம் மட்டும் தமக்குச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பலர். அப்படிப்பட்ட வீட்டில் குடியிருப்பதே தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் ஓனர் அடிமனை வாடகையைப் பாக்கி வைத்திருந்தாலோ, உள்வாடகைக்கு விட அனுமதி இல்லாமலிருந்தாலோ, அறநிலையத்துறை நடவடிக்கை எடுக்கும்போது பாதிக்கப்படுவது உள்ளே இருப்பவர். கடைசியாகக் கட்டிய அடிமனை ரசீதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அறிவிக்கை செய்யப்பட்ட சமய, அறநிலையச் சொத்துகளுக்கு வாடகைச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு என்பதால், பின்னால் சொல்லப்போகும் பாதுகாப்புகள் கோயிலே நேரடியாக வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கிடைக்காமல் போகலாம்.

கட்டடத்தை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. 30, 40 வருட ஃபிளாட்டுகளைப் பில்டரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டுவது இங்கே பரவலாக நடக்கிறது. அடுத்த வீட்டுக்காரரிடமோ அசோசியேஷன் செயலாளரிடமோ கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த பிறகு "மூன்று மாதத்தில் காலி பண்ணுங்க" என்று வந்தால் கஷ்டம்.

பணக்கணக்கு

மாத வாடகை 30,000, மெயின்டனன்ஸ் 3,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத அட்வான்ஸ் 90,000, முதல் மாத வாடகையும் மெயின்டனன்ஸும் 33,000, கமிஷன் 30,000. குடிபோகும் முன் கையில் 1,53,000 ரூபாய் வேண்டும். வண்டிக்கூலியும் பத்திரச் செலவும் தனி. அட்வான்ஸ் பத்து மாதம் என்றால் 3,00,000. கூடுதலான 2,10,000 ரூபாய்க்கு வருடம் 7 சதவீத வட்டி 14,700, அதாவது மாதம் 1,225 ரூபாய். பத்து மாதம் கேட்கும் ஓனரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, வாடகையில் ஆயிரம் ரூபாயாவது குறைக்கக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு உடன்பாடு" நீங்கள் போடும் கையெழுத்துதான்.

லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வாடகையே இல்லாமல் இருக்கும் "லீஸ்" ஏற்பாடு கேட்க இனிக்கும். ஓனர் அந்தப் பணத்தைச் செலவு செய்துவிட்டால் திரும்பி வருவது அடுத்த லீஸ்காரர் கிடைப்பதைப் பொறுத்தது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்து, பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய ஓனர் சம்மதித்தால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வருமான வரிக்கும் ஒரு கண் வையுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், ஹெச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரிச் சலுகைக்கு ஓனரின் பான் எண் வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடியிருப்பவர் வாடகையிலிருந்து 2 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகை கொடுப்பவருடையது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் மயிலாப்பூரில் இது பலருக்கும் தெரியாமலே போகிறது. கணக்காளரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒப்பந்தமும் பதிவும்

11 மாதம் என்று எழுதிவிட்டால் எந்தப் பதிவும் தேவையில்லை என்பது பழைய நம்பிக்கை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒரு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் வேறு. அதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் விவரங்களை நிரப்பி, ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாள ஆவணங்களையும் ஏற்றினால் வாடகைப் பதிவு எண் கிடைக்கும். கையெழுத்தான கையோடு செய்துவிடுங்கள். பின்னால் அட்வான்ஸுக்காகவோ தண்ணீரை நிறுத்திவிட்டார் என்றோ புகார் கொடுக்கப் போனால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் வாடகையும் தேதியும் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது மற்றவைதான். காலி செய்ய இரு தரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலம், புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதம் ஏற்றுவது, மெயின்டனன்ஸில் எது அடக்கம், லாரித் தண்ணீர் யார் செலவு, எந்த கார் இடம் என்பவற்றையெல்லாம் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் ஃபேன், கீசர், ஏசி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பழுதானால் யார் மாற்றுவது என்றும் குறிப்பிடுங்கள். கட்டடத்தை இடிக்க முடிவானால் குறைந்தது ஆறு மாத அவகாசம் என்று ஒரு வரி சேருங்கள்.

பெயின்டிங் பற்றி ஒரு வார்த்தை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கம். ஆனால் வாடகைச் சட்டத்தின் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல் பெயின்டையும் ஓனரின் வேலைகளில்தான் சேர்த்திருக்கிறது. கட்டட அமைப்புப் பழுது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவையும் ஓனரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. பெயின்டிங் பிடித்தம் என்ற வரி வரைவில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஓனர் பிடிவாதமாக இருந்தால், மூன்று வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும், பில் காட்டி, இவ்வளவுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டுங்கள்.

ரிப்பேர் செய்து தருவதாக வாயால் சொன்னது எல்லாம் பட்டியலாக, தேதியோடு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வர வேண்டும். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். "வீட்டு அட்வான்ஸ்" என்று குறிப்பும் போடுங்கள்.

குடிபோகும் நாள்

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்காக முன்கூட்டியே சாவி கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் மறுக்க மாட்டார்கள். வாடகை எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்பதை மட்டும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சாமான் இறங்கும் முன் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, விரிசல், கறை, உடைந்த டைல்ஸ் ஒவ்வொன்றையும் அருகில் காட்டி, ஓனருக்கு அன்றே அனுப்புங்கள். மெட்ரோ சுரங்க வேலை நடக்கும் பாதைக்கு அருகில் இருந்தால் சுவர் விரிசல்களின் மேல் பென்சிலால் தேதி எழுதிப் படம் எடுங்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங்கைப் படம் பிடித்து, முந்தைய பாக்கி இல்லை என்பதை இணைப்பு எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். பழைய குடித்தனக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கலாம், பூட்டை மாற்றுவது நல்லது.

வாடகை கட்டிய ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள், சட்டப்படி ஓனர் அதைத் தர வேண்டும். ஓனர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரே காம்பவுண்டில் வசிக்கும் மாமா, மாமியிடம் இதைச் சட்டமாகப் பேச வேண்டியதில்லை. "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்கோ மாமா" என்றால் போதும்.

காலி செய்யும்போது நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் உண்டு, ஓனர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். குடிவந்த நாளின் வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஓனரோடு அறை அறையாக நடந்து, கழிக்க வேண்டியது எவ்வளவு என்று அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீதி அட்வான்ஸைத் தர ஓனருக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் ஒரு மாதம். சாவியைக் கொடுத்ததற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஒரு மாதம் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.